அட்டையில் சொன்ன தப்பு

பேசாமல் இருப்பதும் ஒரு திறமைதான். அந்த வீட்டில் நாத்தனாரும் அண்ணியும் ஒரு மாதமாக அதில் போட்டி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்று மாடிக் கட்டடம். கீழே அச்சகம், நடுவில் பதிப்பக ஆபீஸ், மேலே வீடு. சண்டை எந்த மாடியில் ஆரம்பித்தாலும் மற்ற இரண்டு மாடிக்கும் போய்விட்டுத்தான் ஓயும். இந்த முறை ஆரம்பித்தது மேலே, சாப்பாட்டு மேஜையில்.

நாத்தனார், அதாவது அண்ணனின் தங்கை, பிள்ளைகளுக்கு விண்வெளிக் கதை எழுதுகிறவள். வீட்டில் அவளுக்கு ராக்கெட் என்று பெயர். கதை எழுதுவதால் வந்த பெயர் என்று நினைக்காதீர்கள், கோபம் வந்தால் அவள் கிளம்புகிற வேகத்தால் வந்தது. அண்ணன் பதிப்பாளர். அண்ணி எடிட்டர், ஒரு காற்புள்ளி இடம் மாறி நின்றாலும் அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

புதுப் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியை அண்ணனிடம் கொடுத்தபோது ராக்கெட் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “கடைசி அத்தியாயத்துல ஒரு எழுத்தை மாத்தக் கூடாது. சம்மதம்னா எடுத்துக்கோ.” அண்ணன் வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டினான்.

அந்தக் கடைசி அத்தியாயத்தில், வியாழனின் நிலவு ஒன்றுக்குப் போன பெண் வீட்டுக்குத் திரும்பவில்லை. அங்கேயே தங்கிவிடுகிறாள்.

மறுநாள் அண்ணி பிரதியை மேஜைமேல் பொத்தென்று போட்டாள். “ஊருக்குக் கதை சொல்ல உனக்கு என் பொண்ணுதான் கிடைச்சாளா?”

அண்ணனுக்கும் அண்ணிக்கும் ஒரே பெண். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்பாவோடு பேச்சு முற்றி, தோளில் ஒரு பையோடு படியிறங்கியவள், போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். எங்கே இருக்கிறாள் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

“இது வெறும் கதை, அண்ணி.”

“வீட்டை விட்டுப் போனவ திரும்பி வரமாட்டான்னு அச்சடிச்சு விக்கறதுக்குப் பேரு கதையா?”

அன்றோடு பேச்சு நின்றது. படியில் எதிரெதிரே வந்தால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், ஒருத்தி படியை எண்ணுவாள். நடுவில் மாட்டிக்கொண்ட அண்ணன் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் வாங்கிக்கொண்டிருந்தான்.

இனி இன்றைய காலைக்கு வருவோம்.

ராக்கெட் கீழே இறங்கும்போதே மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அடித்து முடித்த ஃபாரங்கள் மரப் பலகைமேல் இடுப்பு உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒரு தாளில் பதினாறு பக்கம், அதுதான் ஒரு ஃபாரம். மைவாசனை மூக்கில் ஏறியது. அவள் குனிந்து மூன்றாவது ஃபாரத்தில் ஒரு தாளை உருவினாள். தன் தப்பு நன்றாக அச்சாகியிருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஆமாம், தப்பு. இந்தப் பதிப்பகத்தின் பழக்கம் அது. ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரே ஒரு அறிவியல் தப்பை வேண்டுமென்றே ஒளித்துவைப்பார்கள். “கண்டுபிடி பார்க்கலாம்!” என்று அட்டையிலேயே அச்சடிப்பார்கள். முதலில் கண்டுபிடிக்கிற வாசகரின் பெயர் அடுத்த புத்தகத்தில் ஒரு கதாபாத்திரத்துக்கு வைக்கப்படும். போன முறை ஜெயித்த பெண், வில்லனுக்குத்தான் தன் பெயரை வைக்க வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். பிள்ளைகள் புத்தகத்தை ஒரு முறை கதைக்காகப் படிப்பார்கள், மூன்று முறை தப்புக்காகப் படிப்பார்கள். பதிப்பகம் நிற்பதே அந்த மூன்று முறையில்தான்.

தப்பு எது என்று எங்கேயும் எழுதி வைப்பதில்லை. அச்சுக்குப் போகுமுன் ராக்கெட் அண்ணியின் காதில் சொல்லுவாள். அண்ணி அதை மட்டும் திருத்தாமல் விடுவாள். அண்ணனுக்குச் சொல்வதில்லை. அவனுடைய ஓட்டைவாயில் போட்டால் சாயங்காலத்துக்குள் எல்லாக் கடைக்காரர்களுக்கும் தெரிந்துவிடும்.

இந்த முறை அண்ணியின் காதும் ராக்கெட்டின் வாயும் ஒரே அறையில் இருக்கவே இல்லை.

ராக்கெட் தாளை வெளிச்சத்தில் பிடித்தாள். இந்த இடம்தான். கப்பல் எஞ்சினை அணைத்துவிட்டு மிதந்து போகிறது. உள்ளே எதற்கும் எடை தெரியாது. அந்தக் கப்பலில் கதாநாயகி தராசில் மருந்துப் பொடியை நிறுத்துப் போடுகிறாள். ரொம்பச் சுலபமும் இல்லாத, ரொம்பக் கஷ்டமும் இல்லாத அருமையான தப்பு. ஒரு வாரம் யோசித்து வைத்தது.

தராசைக் காணோம். “மாத்திரையை எடுத்துக் கொடுத்தாள்” என்று இருந்தது.

“மாஸ்டர், அட்டை அடிச்சாச்சா?”

மெஷின் மாஸ்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “அது எப்பவோ முடிஞ்சுது மேடம். பைண்டிங்குக்கே போயாச்சு.”

“தப்பு இருக்குன்னு போட்டிருக்கா?”

“இந்தத் தடவை பெரிய எழுத்துல போட்டிருக்கோம். முதலாளிதான் சொன்னாரு.”

புத்தகத்தில் தப்பு இல்லை. அட்டையில் இருக்கிறது. நாடெங்கும் பிள்ளைகள் பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு இல்லாத ஒன்றைத் தேடப் போகிறார்கள்.

அவள் படியேறிய வேகத்தைப் பார்த்துவிட்டு மாஸ்டர் மெஷினை விட்டு இரண்டடி தள்ளி நின்றுகொண்டார்.

நடு மாடியில் அண்ணி சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருந்தாள். பேசாமல் இருக்கும் போட்டியில் முதலில் வாயைத் திறப்பவர் தோற்றவர். ராக்கெட் தோற்றாள்.

“எதுக்காக அந்தத் தராசை எடுத்தீங்க?”

அண்ணி நிமிரவில்லை. “எடையே இல்லாத இடத்துல தராசு வேலை செய்யாது. பள்ளிக்கூடத்துல சொல்லித் தரலையா?”

“அதுதான் தப்பு! அதுதான் நான் வச்ச தப்பு!”

பேனா நின்றது. அண்ணியின் முகத்தில் ஒரு கணம் பயம் வந்து போனது. பிறகு வழக்கமான இறுக்கம் வந்து உட்கார்ந்துகொண்டது.

“எனக்கு எப்படித் தெரியும்? கனவுல வந்து சொன்னியா?”

“கேட்டிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாமே. வாயில என்ன கொழுக்கட்டையா?”

“ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒண்ணு வைக்கிறேன்னு உங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சும் திருத்தினா அதுக்குப் பேரு என்ன?”

“எடிட்டிங்,” என்றாள் அண்ணி. “தப்பைப் பார்த்தா கை தானாப் போகும். அதுக்குத்தான் சம்பளம். அதுவும் இந்தத் தடவை எதை விடறதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? இருந்தது ரெண்டு.”

“என்ன ரெண்டு?”

“ரெண்டு தப்பு இருந்தது. ரெண்டையும் திருத்திட்டேன். உன்னோடது தராசுன்னு இப்பதான் தெரியுது. அப்ப இன்னொண்ணு யாரோடது?”

ராக்கெட்டுக்குக் காது சுட்டது. அவள் வைத்தது ஒன்றுதான். அது எது என்று கேட்டால் மானம் போகும், கேட்காவிட்டால் மண்டை வெடிக்கும். அவள் ஜன்னலைப் பார்த்தாள், மேஜையைப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள்.

அண்ணி அவள் கேட்பதற்காகக் காத்திருக்கவில்லை. ஒரு தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள். “அஞ்சாவது அத்தியாயத்துல, அம்மாவும் பொண்ணும் ரேடியோவில பேசற இடம். வியாழன்கிட்ட இருந்து ஒரு வார்த்தை வந்து சேரவே முக்கால் மணி ஆகும். கேள்வி போய்ப் பதில் வரணும்னா அதைப்போல ரெண்டு மடங்கு. நீ என்னடான்னா அடுத்த வீட்டுல நின்னு பேசற மாதிரி எழுதி வச்சிருக்கே.”

உண்மைதான். அம்மாவும் பெண்ணும் பேசுகிற இடத்தை எழுதும்போது ராக்கெட் அழுதுகொண்டே எழுதினாள். தூரம் மறந்துவிட்டது.

அண்ணி திருத்திய பத்தியைப் படித்தாள். ‘எப்ப வருவே என்று கேட்டுவிட்டு அம்மா காத்திருந்தாள். துணிகளை மடித்தாள். மடித்ததையெல்லாம் உதறிவிட்டு மறுபடியும் மடித்தாள். பதில் இன்னும் பாதி வழியில்தான் இருந்தது.’

அந்த இடம் முன்பைவிட நன்றாக இருந்தது. ராக்கெட்டால் அதைத்தான் தாங்க முடியவில்லை.

“பிரமாதம்,” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. “பேசாம நீங்களே புத்தகம் எழுதுங்களேன்.”

“எழுதுவேன். அடுத்தவ வீட்டுச் சோகத்தைத் திருடாம எழுதுவேன்.”

இந்தச் சமயத்தில்தான் அண்ணன் உள்ளே வந்தான். இரண்டு பெண்களும் பேசுகிறார்கள் என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டான். என்ன பேசுகிறார்கள் என்று புரிந்ததும் முகம் வெளுத்தது.

“தப்பே இல்லையா? ஒண்ணுகூடவா?”

“உன் பொண்டாட்டி கழுவித் துடைச்சு வச்சிட்டாங்க.”

“உன் தங்கச்சிக்கு வாய்ல பூட்டு.”

“ரெண்டு பேரும் நிறுத்துங்க!” அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். “யோசிப்போம். கடைசி ஃபாரம் இப்பதான் மெஷின்ல ஏறப் போகுது. அதுல ஒரு தப்பைப் போட்ருவோம். சின்னதா ஒண்ணு, ராக்கெட். ஒரு நட்சத்திரத்தைத் தூக்கி இடம் மாத்தி வை.”

“கடைசி ஃபாரத்துல இருக்கறது என் கடைசி அத்தியாயம். அதுல யாரும் கை வைக்கக் கூடாது. அன்னைக்குத் தலையாட்டினே இல்ல?”

அண்ணன் மேலே ஃபேனைப் பார்த்தான். அண்ணி பேனா மூடியைத் திருகித் திருகி மூடினாள்.

ராக்கெட் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அந்த புரூஃபைக் காட்டு.”

“அது... கீழே இருக்கும். நீ எதுக்கு வீணா...”

அவள் அதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தாள்.

மெஷினுக்குப் பக்கத்தில் கிளிப்பில் மாட்டியிருந்தது கடைசி ஃபாரத்தின் புரூஃப். ராக்கெட் அதைப் பிடுங்கிக் கடைசிப் பக்கத்தைத் தேடினாள். அவள் எழுதியது அதில் இல்லை. ‘கப்பல் பத்திரமாகத் தரையிறங்கியது. வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அவள் செருப்பை ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று உதறிவிட்டு உள்ளே வந்தாள். “அப்பா, பசிக்குது” என்றாள்.’

அண்ணன் மூச்சு வாங்க வந்து நின்றான்.

“யார் எழுதினது?”

“நான்தான்,” என்றான். அந்த நேரத்திலும் குரலில் லேசான பெருமை. “பள்ளிக்கூட லைப்ரரிக்காரங்க எல்லாம் சோகமா முடிஞ்சா வேண்டாம்கிறாங்க. பிள்ளைங்க அழுதா பெத்தவங்க சும்மா இருப்பாங்களா? வியாபாரம்னு ஒண்ணு இருக்கு ராக்கெட். நான்தான் ஊர் வாயில விழணும்.”

“வியாபாரத்தை விடு. எரிபொருள் எங்கேருந்து வந்தது?”

“என்ன எரிபொருள்?”

ராக்கெட் சிரித்தாள். நல்ல சிரிப்பில்லை அது. “நீ ஆறாவது அத்தியாயம் படிக்கலை.”

அண்ணன் எத்தனையோ புத்தகம் போட்டவன்தான். முதல் பத்துப் பக்கமும் கடைசிப் பத்துப் பக்கமும் படித்தே காலத்தை ஓட்டிவிட்டவன்.

“அந்த நிலவுல ஒரு குடியிருப்பு இருக்கு. ஜெனரேட்டர் நின்னு எல்லாரும் உறைஞ்சு சாகப் போறாங்க. அவ வீட்டுக்குத் திரும்ப வச்சிருந்த எரிபொருளை, ஒரு சொட்டு விடாம, அவங்களுக்குக் கொடுத்துடறா. ஆறாவது அத்தியாயம் முழுக்க அதுதான். இதோ, அடிச்சு அடுக்கி வச்சிருக்கே, போய்ப் படி. அவளால வர முடியாது அண்ணா. நீ எழுதினதுதான் இந்தப் புத்தகத்துலேயே பெரிய தப்பு. உனக்குத் தப்புதானே வேணும்? கிடைச்சிருச்சு. சந்தோஷமா?”

மெஷின் மாஸ்டர் பிளேட்டை மாட்டிவிட்டு முதலாளி முகத்தையே பார்த்தார். “ஓட்டலாமா?”

“ஓட்டுங்க,” என்றாள் ராக்கெட். “நல்லா ஓட்டுங்க. ஒவ்வொரு பிள்ளையும் கண்டுபிடிக்கும். ஒவ்வொண்ணும் எழுதிப் போடும், ‘அவ திரும்பி வந்தது தப்பு’ன்னு. அத்தனையையும் இவர் உட்கார்ந்து படிக்கட்டும்.”

மாஸ்டர் பச்சைப் பொத்தானை அழுத்தினார். தாள்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படபடவென்று விழ ஆரம்பித்தன.

ராக்கெட் குரலை உயர்த்தினாள். “இன்னொண்ணும் சொல்லு. இந்தக் கதையில அந்தப் பொண்ணுக்கு அம்மா மட்டும்தான். அப்பாவே கிடையாது. ‘அப்பா, பசிக்குது’ன்னு யாரைப் பார்த்துச் சொல்றா?”

அண்ணன் புரூஃபை அவள் கையிலிருந்து வாங்கி மடித்தான். செருப்பை ஒன்று இங்கே ஒன்று அங்கே உதறுகிற பெண் யார் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ராக்கெட்டுக்கு அவன்மேல் பாவமாக இருந்தது. ஆனாலும் கோபம் இறங்கவில்லை. வெளியே போடி என்று அன்று கத்தியது இதே வாய்தானே!

அவன் அந்தக் கோபத்தை அப்படியே மனைவிமேல் திருப்பினான். அண்ணி படியிறங்கி வந்து கடைசிப் படியில் நின்றுகொண்டிருந்தாள்.

“நீயாவது பார்த்திருக்க வேண்டாமா? மத்த ரெண்டையும் பிடிச்சே. இதை மட்டும் எப்படி விட்டே?”

“பார்த்தேன்,” என்றாள் அண்ணி.

“என்ன?”

“எரிபொருள் இல்லைங்கறதைப் பார்த்தேன். பார்த்துட்டுத்தான் விட்டேன்.” அவள் ராக்கெட்டைப் பார்த்துச் சொன்னாள், மன்னிப்புக் கேட்கிற பார்வையில்லை அது. “தப்புன்னு தெரியும். இருக்கட்டும்னு விட்டேன். ஒரு புத்தகத்துலயாவது வரட்டும்னு இருந்தது. அது உனக்குப் புரியாது. பெத்தவளுக்குத்தான் தெரியும். உனக்கு எங்க வலி ஒரு கதை, அவ்வளவுதான்.”

இதைக் கேட்காமல் இருந்திருந்தால் ராக்கெட் வாயைத் திறந்திருக்கமாட்டாள். இரண்டு வருஷம் கட்டிக்காத்தது அந்த ஒரு வார்த்தையில் உடைந்தது.

“நான் எழுதின கதை இல்ல அண்ணி அது.”

“பின்னே?”

“முடிவு எனக்கு வரவே இல்ல. எத்தனையோ விதமா எழுதிக் கிழிச்சேன். கடைசியில அவகிட்டதான் கேட்டேன்.”

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டாள். “எவகிட்ட?”

“உங்க பொண்ணுகிட்ட. எப்பவாவது எனக்குப் போன் பண்ணுவா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கா. கடைசி அத்தியாயம் முழுக்க அவ போன்ல சொல்லச் சொல்ல நான் எழுதினது. ஒரு எழுத்தை மாத்தக் கூடாதுன்னு ஏன் சொன்னேன்னு நினைச்சீங்க?”

அண்ணன் காகிதக் கட்டின்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

அண்ணி ராக்கெட்டை அறைந்துவிடுவாள் போலத்தான் இருந்தது. “ரெண்டு வருஷம்! ஒரே வீட்டுல, ஒரே பானைச் சோறு தின்னுட்டு! நான் வாசலைப் பார்த்துப் பார்த்துச் சாகறதை தினமும் பார்த்துக்கிட்டே இருந்திருக்கே! பாவி!”

“ஆமா. பாவிதான். இன்னும் திட்டுங்க. ஆனா நான் உங்க சோகத்தைத் திருடலை.”

அண்ணி திட்டவில்லை. உதடுகள் எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தன. எடிட்டராச்சே, ஒரு முறை படித்தால் மனப்பாடம். ராக்கெட்டின் பிரதியில் அந்தப் பெண் தன் அம்மாவிடம் பேசும் கடைசி வரிகளை அவள் முணுமுணுத்தாள்.

“‘நான் தொலைஞ்சு போகலை அம்மா. இங்கே எனக்கு வேலை இருக்கு. என்னால அங்கே வர முடியாது. ஆனா இங்கே இன்னொரு கப்பல் இறங்க இடம் இருக்கு.’”

நிறுத்தினாள்.

“இதுவும் அவ சொன்னதா?”

“அதைத்தான் முதல்ல சொன்னா.”

மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. இத்தனை வருஷத்தில் அண்ணி அந்த மெஷினை ஒரு நாளும் தொட்டதில்லை, மை ஒட்டும் என்று புடவையைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி நடப்பவள். நேராகப் போய்ச் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தாள். பாதி அச்சான தாள் ஒன்று உருளையில் சிக்கிக் கிழிந்து நின்றது.

“இந்த பிளேட்டைக் கழட்டுங்க மாஸ்டர். அவ சொன்ன மாதிரியே போடுங்க.”

“ஐயோ!” அண்ணன் துள்ளி எழுந்தான். “அப்ப தப்பு? அட்டையில இவ்வளவு பெருசா போட்டிருக்கே! பிள்ளைங்க தேடித் தேடி...”

“தேடட்டும்,” என்றாள் அண்ணி, அவனைத் திரும்பியும் பார்க்காமல்.

கையில் அப்பிய மையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் ராக்கெட்டின் முன்னால் வந்து நின்றாள். கண்ணில் கோபம் அப்படியே இருந்தது.

“உன்னை அப்புறமாக் கவனிச்சுக்கிறேன். இப்ப சொல்லு. நான் எங்கே இறங்கணும்?”